ஏ.டி.வி.யில் ட்ரெயின் போல்ட் மரை போய்விட்டால் எந்த வழி யாருக்குச் சரி?

ஸ்பேனர் பிடித்த கைக்குத்தான் முதலில் தெரியும். ஏ.டி.வி. என்கிற நான்கு சக்கரக் காட்டு வண்டியின் இஞ்சினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுவதுதான் ட்ரெயின் போல்ட். இறுகிக்கொண்டே வந்த அந்த போல்ட் கடைசிக் கால் சுற்றில் சட்டென்று இளகிவிடும், அதன் மரை, அதாவது திருகுவரி, அறுந்திருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு திருப்பினாலும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். "மாமா, போல்ட் நிக்கவே மாட்டேங்குது" என்று என் மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலையில் ஏலகிரிக்குக் கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும். வாடகைக்கு விட அவனிடம் இருப்பதே நான்கு வண்டி. அதில் ஒன்று படுத்துவிட்டது.

அன்றிலிருந்து இதற்கு என்னென்ன வழி உண்டோ, பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்துவிட்டேன். யாரைக் கேட்டாலும் ஒரு வழி சொல்வார்கள். எம்-சீல் வை என்பார் ஒருவர், ஒரு சைஸ் பெரிசா போடு என்பார் இன்னொருவர், ஆர்கான் வெல்டிங்தான் ஒரே வழி என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வண்டிக்குச் சரியாகத்தான் இருக்கும். நம் வண்டிக்கு எது என்பதை இரண்டு கேள்வி முடிவு செய்கிறது. அந்த ஓட்டையைச் சுற்றி நல்ல அலுமினியம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இனிமேல் அந்த போல்ட்டை எத்தனை முறை கழற்றப் போகிறோம்?

இரண்டாவது கேள்வியைப் பலரும் நினைப்பதே இல்லை. ஏ.டி.வி.க்கு அதுதான் முக்கியம். பைக்கில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். ஏ.டி.வி. ஓடுவதோ தூசியிலும் மணலிலும், முதல் இரண்டு கியரிலேயே. ஓடிய மணி நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் ஆயில் மாற்ற வேண்டும். சீசனில் நாங்கள் மாதம் ஒருமுறை திறக்கிறோம். மூன்று வருடத்தில் முப்பது தடவைக்கு மேல் ஒரு எஃகு போல்ட் ஒரு அலுமினிய ஓட்டைக்குள் போய் வருகிறது. எத்தனை பதமாகக் கையாண்டாலும் தேய்வது அலுமினியம்தான்.

எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"போல்ட் போச்சு" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே பேரில் சொல்கிறோம். போல்ட்டின் தலை உருண்டு ஸ்பேனர் வழுக்குவது ஒன்று. போல்ட்டின் மரை மழுங்கிப் போவது இன்னொன்று. இஞ்சினின் அலுமினியக் கூடான கேசிங்கில் உள்ள மரை அறுந்து போவது மூன்றாவது, மோசமானதும் அதுதான்.

போல்ட்டைக் கழற்றித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மரையின் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் சிக்கியிருந்தால் அது கேசிங்கின் மரை. எங்கள் வண்டியில் கழற்றிய போல்ட்டில் அப்படி ஒன்று, பென்சில் சீவிய தூள் போலப் பளபளவென்று இரண்டரைச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தள்ளியதும் முழுசாகக் கழன்று வந்தது. சுருள் எதுவும் இல்லை, போல்ட்டின் மரை முனைதான் மழுங்கியிருக்கிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. புது போல்ட்டை விரலால் திருப்பிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் கடைசிவரை இறங்கினால், புது போல்ட்டும் புது வாஷரும் போட்டு வேலையை முடித்துவிடலாம்.

அடுத்து ஓட்டையின் ஆழத்தை அளக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்துவது பழைய சைக்கிள் ஸ்போக். நுனியை எல் மாதிரி லேசாக மடக்கி உள்ளே விட்டு, உள் விளிம்பில் மாட்டி இழுத்து, வெளி முகத்தில் மார்க் செய்தால் சுவரின் மொத்தக் கனம் கிடைத்துவிடும். பிறகு போல்ட்டின் மரை நீளத்தை வாஷரோடு சேர்த்து அளந்து பாருங்கள். பல இஞ்சின்களில் போல்ட் சுவரின் முழுக் கனத்தையும் பிடிப்பதில்லை. உள்பக்கம் இரண்டு மூன்று மரை தொடப்படாமலே இருக்கும். அந்த இரண்டு மூன்று மரை எவ்வளவு பெரிய சொத்து என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தலை உருண்ட கேஸைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைத் தூக்கி வைத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட் எடுங்கள். 17 தலை உருண்டிருந்தால் 16 சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் பெரும்பாலும் பிடிக்கும். அதுவும் பிடிக்காவிட்டால் போல்ட் தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வார்கள். அந்தச் சூட்டிலேயே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றாமலோ, சுற்றிலும் பெட்ரோல் வாடை இருக்கும்போதோ இதைச் செய்ய விடாதீர்கள். இன்னொன்று, கழற்றுவதாக நினைத்து இறுக்குபவர்கள் நிறையப் பேர். வண்டிக்கு மேலிருந்து குனிந்து கையை அடியில் விட்டுத் திருப்பும்போது திசை குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும்.

கேசிங் மரை அறுந்து, போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால், தலைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டு லேசாக நெம்பிக்கொண்டே திருப்புங்கள். கேசிங்கின் முகத்தில் கீறல் விழாமல் அடியில் ஒரு தகரத் துண்டு வையுங்கள். வாஷர் உட்காரும் அந்த முகம்தான் கடைசியில் எண்ணெயை நிறுத்தப் போகிறது.

அவசரத்துக்குச் செய்பவை

டெஃப்லான் டேப் சுற்றுவது, அனபாண்ட் தடவுவது, எம்-சீல் வைத்து அடைப்பது எல்லாம் ஒரே ரகம். மரைக்குப் பிடிப்பு இல்லாதபோது பசை அந்த வேலையைச் செய்யாது. டெஃப்லான் நூலிழை உள்ளே போய் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் சிக்கினால் இஞ்சினுக்கே ஆபத்து. எம்-சீல் வைத்தவர்கள் அடுத்த ஆயில் மாற்றும்போது உளியால் கொத்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கொத்தும்போது முகம் போய்விடும். முகம் போனால், நான் பின்னால் சொல்லப் போகும் நல்ல வழிகள் எல்லாமே கஷ்டமாகிவிடும். அதனால் எம்-சீலை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரப்பர் விரிந்து அடைக்கும் ப்ளக் பரவாயில்லை. நடுவில் உள்ள ஸ்க்ரூவை முடுக்கினால் ரப்பர் பக்கவாட்டில் உப்பி ஓட்டையை அடைக்கும். எதையும் வெட்டாது, கெடுக்காது. காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டால் வீடு சேர உதவும். ஆனால் ஏ.டி.வி.யின் அடிவயிறு கல்லிலும் வேரிலும் உரசுகிற இடம். ரப்பரை நம்பி வாடகைக்கு விட முடியாது.

தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் பெரிய சைஸ் ப்ளக் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் நடுவில் ஒரு குட்டி போல்ட் இருக்கும். பெரியதை ஒருமுறை ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, இனிமேல் குட்டி போல்ட்டைத் திறந்து ஆயில் வடிக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் நேராக இறங்குவது நம் கையைப் பொறுத்தது. இரண்டு டிகிரி சாய்ந்து ஏறினாலும் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், மறுபக்கம் கசியும். மெல்லிய சுவர் என்றால் விரிசலும் விடலாம். குட்டி ஓட்டை வழியாக அடியில் தங்கிய மண்டி முழுசாக வராது என்பது இன்னொரு குறை.

இந்த வரிசையில் பலரும் கவனிக்காத ஒன்று, போல்ட்டையே தொடாமல் விடுவது. போல்ட் லேசாகப் பிடித்து நிற்கிறது, கசிவு இல்லை, ஆனால் அடுத்த முறை கழற்றினால் போய்விடும் என்ற நிலை இருந்தால், ஆயில் ஊற்றும் துளை வழியாகக் குழாய் விட்டுக் கையால் அடிக்கும் சக்‌ஷன் பம்பில் உறிஞ்சி எடுத்துவிடலாம். இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறிஞ்ச வேண்டும். வண்டியைக் குழாய் இருக்கும் பக்கம் சற்றுச் சாய்த்தால் கடைசி 100 மில்லியும் ஓரளவு வரும். எங்கள் சின்ன இஞ்சினின் மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால் பத்து நிமிட வேலை. மண்டி உள்ளேயே தங்கும், அது உண்மை. ஆனாலும் சீசன் முடியும்வரை இரண்டு மாதம் தள்ளிப்போட இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை.

நீள போல்ட்: முதலில் முயல வேண்டியது

மரையில் வரும் பாரம் எல்லா மரைக்கும் சமமாகப் பிரிவதில்லை. தலைப்பக்கம் உள்ள முதல் மூன்று நான்கு மரைதான் பெரும்பங்கைத் தாங்குகிறது. அதனால் அறுவதும் அவைதான். உள்ளே தொடப்படாமல் இருந்த மரைகள் புதுசாக இருக்கும். அவற்றை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு 4, 5 மி.மீ. நீளமான போல்ட் போட்டால் பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். துளைக்கவும் வேண்டாம், உள்ளே தூள் விழும் கவலையும் இல்லை. பிடிக்காவிட்டாலும் நஷ்டம் எதுவும் இல்லை, மற்ற எல்லா வழிகளும் அப்படியே திறந்திருக்கும்.

ஆனால் ஒரு பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. சின்ன ஏ.டி.வி.களில் பெரும்பாலும் வருவது ஹோண்டா கப் என்ற பைக்கின் வழியில் வந்த படுக்கை இஞ்சின். அதில் ட்ரெயின் போல்ட் எம் 12, அதாவது 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ. ஹார்டுவேர் கடையில் "எம் 12 போல்ட் கொடுங்க" என்று கேட்டால் கையில் வருவது 1.75 இடைவெளி, ஏனென்றால் எம் 12-க்கு வழக்கமான மரை அதுதான். அது இரண்டு சுற்று சுகமாக இறங்கும், பிறகு இறுகும். "பழைய மரைதானே, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் மிச்சம் இருந்த நல்ல மரையையும் சேர்த்து உழுதுவிடும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மரையோடு மரை பொருத்திப் பிடித்தால் இடைவெளி ஒன்றா வேறா என்று கண்ணுக்கே தெரியும்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. உள்ளே சுற்றும் பாகம் எதையும் போல்ட் நுனி தொடக் கூடாது. போட்டபின் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு இஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், எல்லா கியரிலும். எங்காவது உரசினாலோ தட்டினாலோ போல்ட்டை அரத்தில் குறைக்க வேண்டும். போடுவதற்கு முன்னால் எம் 12, 1.5 டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் ஒருமுறை விட்டு எடுத்தால் கிழிந்த மரைத் துணுக்குகள் சுத்தமாகிவிடும். டேப் பள்ளங்களில் கிரீஸ் நிறையத் தடவிக்கொள்ளுங்கள், துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

எங்கள் நான்கில் ஒரு வண்டி இப்படித்தான் பிழைத்தது. வெள்ளிக்கிழமை படுத்த வண்டிக்கு அந்த யோகம் இல்லை. அதில் போல்ட்டே சுவரின் முழுக் கனத்தையும் பிடித்திருந்தது.

எம் 14-ஆக்குவதா, ஹெலிகாயிலா

பட்டறைகளில் அதிகம் சொல்லப்படுவது "ஒரு சைஸ் ஏத்தி டேப் அடிச்சிடலாம்" என்பது. எம் 12 போனால் எம் 14. டேப்பும் போல்ட்டும் எங்கும் கிடைக்கும், அரை மணி வேலை, சில நூறு ரூபாயில் முடியும். ஹெலிகாயில் என்றால் சாய்சதுரக் குறுக்குவெட்டு உள்ள ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருட்டிச் செய்த மரை. பெரிய ஓட்டை போட்டு, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, சுருளை உள்ளே ஏற்றினால் பழைய எம் 12 போல்ட்டே மறுபடி பொருந்தும். இதற்குத் தனி கிட் வேண்டும், விலை கூடுதல். அதனால் எம் 14 தான் லாபம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் பார்க்கும்வரை.

எம் 14, 1.5-க்குத் துளை 12.5 மி.மீ. எம் 12, 1.5 ஹெலிகாயிலுக்குத் துளை ஏறக்குறைய 12.4 மி.மீ. டேப் அடித்தபின் இரண்டிலும் வெளி விட்டம் கிட்டத்தட்ட 14 மி.மீ. அதாவது இரண்டு வழியிலும் நாம் இழக்கும் அலுமினியம் ஒன்றேதான்! எம் 14-இல் மிஞ்சுவது மறுபடியும் அலுமினிய மரை, மாதம் ஒருமுறை எஃகு போல்ட் தேய்க்கப் போகும் அதே மரை. ஹெலிகாயிலில் மிஞ்சுவது எஃகு மரை. ஒரே விலைக்கு ஒருவர் மண் சுவரும் இன்னொருவர் செங்கல் சுவரும் கட்டுவது போல. அதோடு அந்த எம் 14 மரையும் அறுந்துபோனால் எம் 12 ஹெலிகாயில் போட அலுமினியம் இருக்காது. பெரிய போல்ட் என்பதால் இறுக்குபவரின் கையும் தானாகவே அதிகமாக இறுக்கும். அறுந்தால் அடுத்தது எம் 16. ஓட்டையைச் சுற்றித் தடித்திருக்கும் கேசிங்கின் குமிழ் அதற்கு இடம் கொடுக்குமா என்பது சந்தேகம்.

எனவே வருடம் ஒருமுறை ஆயில் மாற்றும் வண்டி, கையில் எம் 14 டேப் மட்டும் இருக்கிறது, விற்கும் எண்ணமும் இல்லை என்றால் எம் 14 போதும். மற்றபடி அதே அலுமினியத்தைச் செலவழித்து எஃகு மரை வாங்கிக்கொள்வதுதான் புத்தி.

ஹெலிகாயிலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுருளின் நுனியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும், அதைப் பிடித்துத்தான் சுருளை உள்ளே திருப்புவது. முடிந்ததும் அதைத் தட்டி உடைக்க வேண்டும். ட்ரெயின் ஓட்டை இஞ்சினுக்குள் திறக்கிற ஓட்டை. உடைந்த வால் உள்ளே விழுந்தால் அதை எடுக்காமல் இஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீள மூக்குப் பிளையரில் வாலைப் பிடித்தபடி முறுக்கி உடைப்பதே பத்திரம். வால் இல்லாத ரகமும் கிடைக்கிறது, கிடைத்தால் அதையே வாங்குங்கள். சுருளின் வெளி நுனி முகத்துக்கு அரை மரை உள்ளே இருக்க வேண்டும். வாஷர் உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டை இப்போது 14 மி.மீ. ஆகிவிட்டது. வாஷரின் வெளி விட்டம் 18 என்றால் முகத்தில் சுற்றிலும் 2 மி.மீ. மட்டும்தான் உட்காரும். சற்று அகலமான வாஷராகத் தேடிப் போடுங்கள்.

ஆனால் ஹெலிகாயிலின் உண்மையான பலவீனம் வேறு. எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் ஹெலிகாயில்தான் முதலில் போட்டோம். மூன்று மாதம் பிரமாதமாக இருந்தது. நான்காவது ஆயில் மாற்றத்தில் போல்ட்டைத் திருப்ப, அது வழக்கத்தைவிடக் கனமாகச் சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மேல் சுருள் அப்படியே மோதிரம் போல ஏறி வந்திருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் மரையைப் பிடிக்கவைக்கும் பசையான லாக்டைட் தடவிய அடையாளமே இல்லை, எண்ணெய்ப் பிசுக்குதான் இருந்தது. சிலிண்டர் ஹெட் ஸ்டட் போல ஒருமுறை இறுக்கி வருடக்கணக்கில் தொடாத இடத்துக்கு ஹெலிகாயில் அருமையான பொருள். மாதம் ஒருமுறை கழற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அதைப் பிடுங்கி எடுக்கத்தான் பார்க்கிறோம்.

முழு புஷ்

இதற்குத் தீர்வு, சுருளுக்கு மாறாக முழு எஃகுக் குழல், அதாவது புஷ். உள்ளே எம் 12 மரை, வெளியே பெரிய மரை, மேலே காலர் என்ற விளிம்பு. டைம்-செர்ட் என்ற பெயரில் வரும் கிட் இந்த ரகத்தில் பேர்போனது. துளைக்க, காலருக்கு இடம் வெட்ட, மரை வெட்ட, ஏற்ற என்று எல்லாக் கருவியும் ஒரே பெட்டியில் இருக்கும். ஏற்றும் கருவி கடைசிச் சுற்றுகளில் குழலின் அடி மரையை விரித்துப் பிடிக்கவைப்பதால் போல்ட்டோடு கழன்று வராது. ஒரே வண்டிக்காக இறக்குமதி செய்து வாங்க மனசு வராது, பல ஆயிரம் ஆகும். நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்கினால் கணக்கு சரியாக வரும்.

நாங்கள் போனது திருப்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு. மேஸ்திரி போல்ட்டையும் சுருளையும் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது கேசிங்கைப் பற்றி. "எம் 16ல போட்டா சுவர் ஒரு மில்லிதான் நிக்கும் தம்பி. குமிழ்ல இடம் இருக்கான்னு அளந்துட்டு வா, எம் 18ல போட்டுத் தரேன்." அவர் சொன்ன கணக்கை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். எம் 16, 1.5 மரையின் அடி விட்டம் ஏறக்குறைய 14.2. உள்ளே எம் 12 ஓட்டை. இரண்டுக்கும் நடுவே சுவர் 1 மி.மீ.தான். எம் 18 என்றால் 2 மி.மீ. புஷ் கெட்டியாகும், ஆனால் கேசிங்கில் அந்த அளவு அலுமினியம் போகும். எங்கள் கேசிங் குமிழில் ஓட்டையைச் சுற்றி இடம் தாராளமாக இருந்ததால் எம் 18 என்று முடிவு செய்தோம். குமிழ் ஒல்லியாக இருந்தால் எம் 16 புஷ்ஷைக் கெட்டி எஃகில் செய்யச் சொல்லுங்கள்.

பித்தளையா இரும்பா என்பதில் மேஸ்திரிக்கும் எனக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பித்தளை அதற்குச் சற்றுக் கிட்டே வரும். அதனால் சூட்டில் புஷ் தளராமல் இருக்கப் பித்தளை நல்லது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் இரும்பு கேட்டதற்குக் காரணம், முப்பது தடவை கழற்றி மாட்டினாலும் தேயாத மரை வேண்டும் என்பதுதான். தளர்வதை லாக்டைட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். எண்ணெயில் ஊறிக் கிடப்பதால் உள்ளே துருக் கவலை இல்லை.

புஷ்ஷை ஏற்றும்போது அலுமினிய மரையையும் புஷ் மரையையும் தின்னரில் இரண்டு முறை கழுவினோம். எண்ணெய்ப் படலம் கொஞ்சம் இருந்தாலும் லாக்டைட் பிடிக்காது. கழன்று வந்த ஹெலிகாயிலின் வெளிப்பக்கத்தில் இருந்ததும் அந்தப் பிசுக்குதான். சிவப்பு லாக்டைட் தடவி ஏற்றி, காலரின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். பிறகுதான் ஆயில்.

உள்ளே விழும் தூள்

துளைக்கும் வழி எதுவானாலும் இதுதான் பெரிய பயம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. எங்களுடையது போன்ற சின்ன ஏ.டி.வி. என்றால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் பிடித்துப் பின்பக்கமாக நிமிர்த்தி வைக்கலாம். ஓட்டை பக்கவாட்டில் திரும்பிவிடும், துளைக்கும் தூள் தன் எடையிலேயே வெளியே கொட்டும். மின் டிரில் வேண்டாம். ஹெலிகாயிலுக்கு 10.5-இலிருந்து 12.4-க்கு வெட்ட வேண்டியது ஒரு பக்கம் 1 மி.மீ.கூட இல்லை. டிரில் பிட்டை டேப் கைப்பிடியில் மாட்டிக் கையாலேயே திருப்பினால் போதும். மின் டிரில் அலுமினியத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு கோணலாகப் போய்விடும். மேஸ்திரி எங்களுக்கு நேராகப் பிடிக்க ஒரு வழிகாட்டிக் குழாயும் கடைந்து கொடுத்தார். அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி கிரீஸ் தடவி விட வேண்டும்.

முடிந்ததும் வண்டியை நேராக்கி, மேலிருந்து மலிவான பைக் ஆயிலை ஊற்றி ஓட்டை வழியாக ஓடவிட்டோம். முதல் முறை வடிகட்டிய துணியில் ஏழெட்டு வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தன. இரண்டாம் முறை ஒன்று. மூன்றாம் முறை துணி சுத்தம். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் வரும், ஆனால் அதோடு இஞ்சினை ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்க்க முடிகிற இஞ்சின் என்றால் அதையும் பாருங்கள்.

பெரிய செலவுகள்

ஆர்கான் வெல்டிங் செய்து ஓட்டையை அடைத்துப் புதிதாக மரை வெட்டுவதை, குமிழே விரிசல் விட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். எண்ணெயில் ஊறிய வார்ப்பு அலுமினியத்தில் வெல்டிங் குமிழி குமிழியாக வரும். சூட்டில் பேரிங் உட்காரும் இடம் கோணலாகலாம். அதனால் இஞ்சினை முழுசாகப் பிரித்துக் காலி கேசிங்காகத்தான் கொடுக்க வேண்டும். பிரித்த கூலியே புஷ் செலவைப் பல மடங்கு தாண்டிவிடும். அந்த அளவுக்குப் பிரிக்கிறோம் என்றால், சின்ன இஞ்சினுக்குப் பழைய கேசிங்கோ முழு இஞ்சினோ விலை விசாரித்துவிடுவது நல்லது. பெரிய ஏ.டி.வி. வைத்திருப்பவர்கள், போல்ட் இருப்பது கேசிங்கிலா கழற்றக்கூடிய மூடியிலா என்று ஒருமுறை பார்க்கட்டும். மூடி என்றால் மூடியை மட்டும் மாற்றிவிடலாம்.

லீவர் வைத்த ட்ரெயின் வால்வு போட்டால் இனி போல்ட்டையே கழற்ற வேண்டாம் என்றும் சொல்வார்கள். காருக்குச் சரி. அடித்தகடு இல்லாத ஏ.டி.வி.யில் அது கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கல் போதும், மொத்த எண்ணெயும் போய்விடும்.

இறுக்கும் அளவு

எந்த வழியில் சரிசெய்தாலும், மறுபடி அறுப்பது இறுக்கும் கைதான். இந்த ரக போல்ட்டுக்கு கம்பெனிகள் சொல்லும் அளவு பெரும்பாலும் 20-லிருந்து 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். 25 என்றால் 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அரிசிப் பை தொங்குவதுபோல. அவ்வளவுதான். பொதுவான போல்ட் அட்டவணையில் எம் 12-க்கு 80 என்று போட்டிருப்பார்கள். அது எஃகில் எஃகு இறுக்குவதற்கு. அதைப் பார்த்து, வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சை 80-இல் வைத்து அலுமினிய மரையை அறுத்தவர்கள் உண்டு. காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் துப்பாக்கியை இந்த போல்ட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். ஏற்கெனவே நசுங்கிய வாஷர் மறுபடி நசுங்காது. லேசாகக் கசியும், கசிவைப் பார்த்து இன்னும் கால் சுற்று இறுக்குவோம். எங்கள் மரை அறுந்ததும் அந்தக் கால் சுற்றில்தான். பத்துப் பதினைந்து ரூபாய் செப்பு வாஷர் பத்து வாங்கி இப்போது டூல் பாக்ஸிலேயே வைத்திருக்கிறோம்.

இன்று எங்கள் நான்கு வண்டியில் இரண்டு எம் 18 புஷ்ஷோடு ஓடுகின்றன. இரண்டாவது வண்டிக்கு, மரை முழுசாக அறுவதற்கு முன்னாலேயே சீசன் இல்லாத மாதத்தில் போட்டுவிட்டோம். ஒன்று நீள போல்ட்டில் ஓடுகிறது. நான்காவது இன்னும் கம்பெனி மரையிலேயே இருக்கிறது. அதை மச்சான் திறக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுக்கிறேன். அவனும் இப்போதெல்லாம் 'கிளிக்' சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுகிறான்.